கார்ப்பரேஷன் சமுதாயக் கூடம் பெரிய கட்சிக்கு மட்டும்தானா? சின்ன அமைப்புக்கு கூட்டம் போட இடம் கிடைக்க என்ன வழி?

வார்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க.

தென் மாவட்டத்துல ஒரு மாநகராட்சில இருக்கேன், ஊர் பேர் இப்ப வேண்டாம். எங்க ஏரியால கொஞ்ச பேர் சேர்ந்து ஒரு அமைப்பு நடத்துறோம். குடிதண்ணி, குப்பைக் கிடங்கு, சொத்துவரி, பாதாள சாக்கடைக்குத் தோண்டிப்போட்டு மூடாம கிடக்குற ரோடு, இதெல்லாம்தான் பேசுறோம். அரசியல் இல்லாத சங்கம்னு பொய் சொல்ல மாட்டோம், அடுத்த உள்ளாட்சித் தேர்தல்ல ரெண்டு மூணு வார்டுல சுயேச்சையா ஆள் நிறுத்துற எண்ணம் இருக்கு, அது ஏரியால எல்லாருக்கும் தெரியும்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அரங்கக் கூட்டம் போடலாம்னு கார்ப்பரேஷன் சமுதாயக் கூடத்தைக் கேட்டோம். நூத்தம்பது பேர் உக்காரலாம், வாடகை குறைவு, வயசானவங்க நடந்தே வந்துரலாம், பொம்பளைங்களுக்கு பாத்ரூம் இருக்கு. மண்டல ஆபீஸ்ல வாயாலயே முடிச்சுட்டாங்க, "அரசியல் கூட்டத்துக்கெல்லாம் தர்றதில்ல, கல்யாணம் காதுகுத்து வளைகாப்புக்கு மட்டும்தான்"னு. அதுதான் விதி, எல்லாருக்கும் அதேதான்னா பேசாம வந்துருப்போம். ஆனா போன மாசம் அதே கூடத்துல ஆளுங்கட்சி தலைவர் பிறந்தநாள் விழா நடந்துச்சு, தையல் மிஷின் கொடுத்தாங்க, கொடி தோரணம் ரோட்டு முனை வரைக்கும். அதுக்கு முன்னாடி எதிர்க்கட்சியோட பூத் கமிட்டி கூட்டமும் அங்கதான். கேட்டா "அது கவுன்சிலர் பேர்ல குடும்ப நிகழ்ச்சின்னு போட்டிருக்கு"ங்கிறார் கிளார்க். புக்கிங் ரிஜிஸ்டர் மேஜை மேல விரிச்சே கிடந்துச்சு. கல்யாணம் எல்லாம் நீல மையில பேரு, தேதி, ரசீது நம்பரோட இருக்கு. நடுநடுவுல சில தேதிக்கு பென்சில்ல வெறும் "கவு."ன்னு மட்டும் எழுதி, ரசீது நம்பர் கட்டம் காலியா இருக்கு. நான் குனிஞ்சு பாக்குறத கவனிச்சதும் அவர் உள்ளங்கைய அது மேல வச்சு மறைச்சுட்டு, "நீங்க எதுக்கும் உதவி ஆணையரைப் போய் பாருங்க"ன்னுட்டார்.

சரி கூடம் வேண்டாம், தெருமுனைக் கூட்டம் போடுவோம்னு ஸ்டேஷனுக்குப் போனா "30(2) அமல்ல இருக்கு"ன்னு ஏதோ போலீஸ் சட்டப் பிரிவைச் சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த வாரமே அதே முக்குல இன்னொரு கட்சி மேடை போட்டு ராத்திரி வரைக்கும் பேசுனாங்க. தனியார் மண்டபம் கேட்டா ஓனர் போலீஸ் கடிதம் கொண்டாங்கன்றார், ஸ்டேஷன்ல கேட்டா மண்டபத்துக்கு நாங்க எதுக்கு கடிதம் தரணும்ன்றாங்க. சித்திரைல நீர்மோர் பந்தல் போட பஸ் ஸ்டாண்ட் பக்கம் இடம் கேட்டதுக்கு போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு சொன்னாங்க, பெரிய கட்சிங்க பந்தல் அதே வரிசைல ஒரு மாசம் நின்னுச்சு.

என் கேள்வி இதுதான். ஊர் வரிப்பணத்துல கட்டுன கூடம், ஊருக்குப் பொதுவான முக்கு. இத யாருக்குக் கொடுக்கணும் யாருக்குக் கூடாதுன்னு எழுதுன விதி ஏதாவது இருக்கா? இருந்தா அத எப்படிக் கைக்குக் கொண்டு வர்றது? கவுன்சிலரைப் போய்ப் பாருன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, அவர்கிட்ட கேட்டு வாங்குனா அது அவர் தயவு, எங்களுக்கு வேண்டியது அது இல்ல.


பழைய_ரெவின்யூ

தம்பி, நான் வேற மாநகராட்சில வருவாய்ப் பிரிவுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். உள்ள நடக்குறத சொல்றேன்.

சமுதாயக் கூடத்துக்கு வாடகை எவ்வளவு, என்னென்ன நிகழ்ச்சிக்குக் கொடுக்கலாம், டெபாசிட் எவ்வளவு, இதெல்லாம் கிளார்க்கோ உதவி ஆணையரோ முடிவு பண்றது இல்ல. மாமன்றத் தீர்மானம் போட்டு ஆணையர் உத்தரவு வரும், அதுதான் அடிப்படை. அந்தத் தீர்மானத்துல "அரசியல் கூட்டத்துக்குத் தரக்கூடாது"ன்னு ஒரு வரி இருந்தா கிளார்க் சொன்னது சரி, அப்ப ஆளுங்கட்சிக்குக் கொடுத்தது தப்பு. அப்படி ஒரு வரி இல்லேன்னா உங்களுக்கு மறுத்தது தப்பு. ரெண்டுல எதுன்னு தெரியாம சண்டைக்குப் போகாதீங்க, முதல்ல தீர்மான நகலை வாங்குங்க. என் அனுபவத்துல முக்கால்வாசி இடத்துல அந்த நகல் மண்டல ஆபீஸ்லயே இருக்காது, பழக்கத்துல சொல்லிக்கிட்டு இருப்பாங்க. 2016 அக்டோபர்ல மாமன்றம் காலம் முடிஞ்சதுக்கு அப்புறம் 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான், அந்தக் காலத்துல போட்ட உத்தரவு நிறைய கோப்புல எங்கயோ கிடக்கும்.

பென்சில்ல "கவு."ன்னு இருக்குறது எனக்கு நல்லாத் தெரிஞ்ச பழக்கம். கவுன்சிலர் போன்ல சொல்லுவார், கிளார்க் தேதியைப் பிடிச்சு வைப்பார். கடைசி நேரத்துல நிகழ்ச்சி நடந்தா ஒரு ரசீது போடுவாங்க, சில நேரம் அதுவும் இருக்காது. நடக்கலேன்னா அழிச்சுருவாங்க. அந்தப் பையனைக் கோவிச்சுப் பிரயோஜனம் இல்ல, மாத்திப் பேசுனா அடுத்த வாரம் அவன் வேற மண்டலத்துல இருப்பான்.

நீங்க செய்ய வேண்டியது, வாயால கேக்குறத நிறுத்துங்க. வெள்ளைப் பேப்பர்ல மனு எழுதி, தேதி, நேரம், எத்தனை பேர், என்ன கூட்டம்னு தெளிவா போட்டு, தபால் பிரிவுல கொடுத்து உங்க நகல்ல சீல் வாங்கிக்கங்க. சீல் தர மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆன விவரத்தை பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க. சீல் உள்ள மனுவுக்குப் பதில் சொல்லாம விட்டா பின்னாடி கேள்வி வரும்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். வாயால கேட்டவனுக்குக் கோப்பே கிடையாது.

கூடவே ஒரு ஆர்டிஐ, அதான் தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு. இந்தக் கூடத்துக்கான மாமன்றத் தீர்மானம், ஆணையர் உத்தரவு நகல், கடந்த ரெண்டு வருஷ புக்கிங் பதிவேடு நகல், ஒவ்வொரு நாளுக்கும் வசூலான தொகை, ரசீது எண், கட்டணம் தள்ளுபடி பண்ணியிருந்தா அந்த உத்தரவு. இவ்வளவுதான். ஏன் கொடுத்தீங்க, இது நியாயமான்னு கேள்வி எழுதாதீங்க, அது தகவல் இல்லேன்னு திருப்பிருவாங்க. 30 நாள்ல பதில் வரணும், வரலேன்னா முதல் மேல்முறையீடு. பதிவேட்டை நேர்ல பார்வையிடணும்னும் கேக்கலாம், சட்டத்துலயே அந்த உரிமை இருக்கு. அதையும் ஒரு வரி சேர்த்துக்கங்க.


மாட்டுத்தாவணி_வக்கீல்

பழைய_ரெவின்யூ சார் சொன்னதுதான் முதல் படி. நான் சட்டப் பக்கத்தை மட்டும் சொல்றேன், ஏன்னா வார்டுக்காரன் தெருமுனையையும் கூடத்தையும் ஒண்ணா சேர்த்துக் கேட்டுட்டார், சட்டத்துல ரெண்டும் வேற வேற.

தெரு முதல்ல. அரசியல் சாசனம் 19(1)(பி), ஆயுதம் இல்லாம அமைதியா கூடுற உரிமை. 1972-ல உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதி அமர்வு ஹிமத்லால் ஷா வழக்குல தீர்ப்பு சொன்னாங்க. அகமதாபாத்ல மாணவர் அமைப்பு ஒண்ணு தெருவுல பொதுக்கூட்டம் போடக் கேட்டு போலீஸ் மறுத்த விவகாரம். பொதுத் தெருவுல கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியா இல்லேன்னு சொல்ல முடியாது, எந்த அளவுகோலும் இல்லாம அனுமதிக்கிறதும் மறுக்கிறதும் ஒரு அதிகாரி இஷ்டம்னு இருக்குற விதி செல்லாதுன்னு அந்த விதியையே அடிச்சுட்டாங்க. உங்க ஸ்டேஷன்ல சொன்ன 30(2), 1861-ம் வருஷத்து போலீஸ் சட்டம். அதை நிதானமா படிச்சுப் பாருங்க, ரோட்டுல கூட்டம் ஊர்வலம் நடத்துறவங்க அனுமதிக்கு விண்ணப்பிக்கணும்னு உத்தரவு போடுற அதிகாரம்தான் அதுல இருக்கு. அதாவது "30(2) அமல்ல இருக்கு"ன்னா "மனு கொடுங்க"ன்னு அர்த்தம். "கிடையாது, போங்க"ன்னு அர்த்தம் இல்ல. இந்த ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்காம தமிழ்நாட்டுல எத்தனையோ பேர் ஸ்டேஷன் வாசல்லயே திரும்பிப் போறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். உங்க ஊர்ல போலீஸ் கமிஷனர் இருந்தா சிட்டி போலீஸ் சட்டம் 41-ன்னு சொல்லுவாங்க, எஸ்.பி.ன்னா 30(2). 41-ல தடை போடுற அதிகாரமும் இருக்கு, ஆனா அங்கயும் மனு கொடுக்கலாம்.

கூடம் வேற. அது அரசு கட்டடம். 1969-ல ரயில்வே வழக்கு ஒண்ணுல, தொழிற்சங்கக்காரங்க ரயில்வே இடத்துக்குள்ள கூட்டம் போடுறதை அடிப்படை உரிமையா கேட்டப்ப உச்ச நீதிமன்றம் ஒத்துக்கல. அரசு சொத்துன்றதால மட்டும் அங்க கூட்டம் போடுற உரிமை வந்துராதுன்னு சொல்லிட்டாங்க. அதனால "கூடம் என் உரிமை"ன்னு வழக்குப் போட்டா நிக்காது. ஆனா கூடத்தை ஒருத்தருக்குத் திறந்துவிட்டா அதே நிபந்தனைல அடுத்தவருக்கும் திறக்கணும், அது 14-வது பிரிவு, சமத்துவம். இங்கதான் உங்க பென்சில் எழுத்து வேலைக்கு வரும். எல்லாக் கட்சிக்கும் கிடையாதுன்னு கார்ப்பரேஷன் முடிவெடுத்தா நான்கூட ஒண்ணும் பண்ண முடியாது. 2025 ஜனவரில ஹைகோர்ட் மதுரைக் கிளை பொது இடத்துல இருக்குற கட்சி, சாதி, மத அமைப்பு கொடிக்கம்பம் எல்லாத்தையும் 12 வாரத்துல எடுக்கணும்னு சொன்னாங்களே, அது அந்த மாதிரி, எல்லாருக்கும் இல்லன்றதும் சமம்தான். ரெண்டு கட்சிக்கு மட்டும் இருக்கு மத்தவங்களுக்கு இல்லன்றதுதான் நிக்காது.

இன்னும் ஒண்ணு, கதவு சாத்துன கூடத்துக்குள்ள மைக் வைக்கிறதுக்கு ஒலி மாசு விதி 2000-லயே விலக்கு இருக்கு, ராத்திரி 10 மணி கட்டுப்பாடு வெளில வைக்கிற ஸ்பீக்கருக்கு. தனியார் மண்டப ஓனர் போலீஸ் கடிதம் கேக்குறது அவர் பயத்துல, சட்டத்துல இல்ல. ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்து சீல் வாங்கி அந்த நகலைக் காட்டுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.


கிளைக்_கழகம்

நான் ஒரு பெரிய கட்சில கிளைச் செயலாளர், எந்தக் கட்சின்னு சொன்னா பேச்சு வேற பக்கம் போயிரும். வார்டுக்காரன் ப்ரோ, உங்க கோவம் புரியுது, ஆனா பெரிய கட்சிக்கு எல்லாம் தங்கத் தட்டுல கிடைக்குதுன்னு நினைக்காதீங்க. நாங்க எதிர்க்கட்சியா இருந்தப்ப தலைவர் வர்ற அன்னிக்கு காலைல 11 மணிக்கு அனுமதி ரத்துன்னு சொல்லி, மேடை போட்டு பந்தக்கால் நட்டு சேர் இறக்குன காசெல்லாம் போச்சு. ஆட்சி மாறுனா ஆள் மாறும், அவ்வளவுதான்.

அப்புறம் நடைமுறையையும் பாருங்க. அந்தக் கூடத்தை நம்பி ஏழைப்பட்ட ஜனங்க கல்யாணம் வச்சிருப்பாங்க, முகூர்த்த நாள்ல கட்சிக் கூட்டம் வந்தா அவங்க எங்க போவாங்க? கட்சிக் கூட்டம்னா சேர் உடையும், பான் பராக் எச்சி, வாசல்ல வண்டி, பக்கத்து வீட்டுக்காரன் ராத்திரி போன் போடுவான். இருபது பேர் இருக்குற அமைப்பு எல்லாம் கேட்டு வந்தா ஒரு கூடத்தை எத்தனை பேருக்குக் கொடுக்குறது? தேர்தல் ஆணையத்துல பதிவு பண்ணுன கட்சிக்கு முன்னுரிமைன்னு ஒரு கோடு போட்டாத்தான் நடத்த முடியும்னு நினைக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க.


சேப்பாக்கம்_செல்வி

கிளைக்_கழகம் அண்ணா, முகூர்த்த நாள்ல குடும்ப விழாவுக்கு முன்னுரிமைன்னு எழுதி வைக்கட்டும், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. உடைஞ்ச சேருக்கு டெபாசிட் வாங்கட்டும். ஆனா பதிவு பண்ணுன கட்சிக்கு முன்னுரிமைன்றதை நான் ஒத்துக்க மாட்டேன். உள்ளாட்சித் தேர்தல்ல சுயேச்சையா நிக்க கட்சிப் பதிவே வேண்டாம்னு சட்டம் சொல்லுது, அப்ப அவங்க ஜனங்ககிட்ட பேச இடம் மட்டும் எதுக்குப் பதிவு கேக்கணும்? தூய்மைப் பணியாளர் சங்கம், மாற்றுத்திறனாளி சங்கம், மீனவர் அமைப்பு, இவங்க யாரும் கட்சி இல்ல, ஆனா கார்ப்பரேஷன்கிட்ட கேக்க வேண்டியது இவங்களுக்குத்தான் அதிகம்.

நான் சென்னைல பல வருஷமா ஆர்ப்பாட்டங்களுக்கு ஏற்பாடு பண்றவ. எங்க பிரச்சினை கொஞ்சம் வேற மாதிரி. இங்க இடம் "கிடைக்கும்", ஆனா எங்க கிடைக்கும்ன்றதுதான் கேள்வி. வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம்னு சில இடம்தான். வக்கீல் சார் சொன்ன சிட்டி போலீஸ் சட்டம் பிரிவு 41-ல போடுற தடை உத்தரவு அரசு ஒப்புதல் இல்லாம 15 நாளைக்கு மேல நீடிக்கக் கூடாதுன்னு அந்த 1888 சட்டத்துலயே இருக்கு, ஆனா 15 நாள் முடிய முடிய புதுசா ஒண்ணு போட்டுக்கிட்டே வர்றாங்க, அதனால வருஷம் முழுக்க தடை மாதிரியே ஆயிருது. அஞ்சு நாள் முன்னாடி மனு கொடுக்கணும், பதில் வர்றது நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ராத்திரி. நோட்டீஸ் அடிக்க முடியாது, வேன் பேச முடியாது. பெரிய கட்சிக்கு முந்தின நாள் ராத்திரி அனுமதி வந்தாலும் காலைல ஆயிரம் பேர் வந்துருவாங்க. வீட்டு வேலை செய்ற பொம்பளைங்க லீவு சொல்லணும்னா ஒரு வாரம் முன்னாடி தெரியணும். எல்லாருக்கும் ஒரே விதின்னு பேப்பர்ல இருந்தாலும் லேட்டா வர்ற பதில் சின்ன அமைப்பைத்தான் அடிக்குது. அனுமதிக்கப்பட்ட கூட்டத்துக்கு ஆளே வரலேன்னு அடுத்த தடவை அதையே காரணமா சொல்லுவாங்க, இதையும் நான் பாத்திருக்கேன்.

மெரினா கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சுதேசி காலத்துல இருந்து கூட்டம் நடந்த கடற்கரை, திலகர் திடல்னு பேரே இருந்துச்சு, அப்புறம் சீரணி அரங்கம், அதை 2003-ல இடிச்சாங்க. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் போலீஸ் அங்க யாரையும் உக்கார விடல. 2018-ல அய்யாக்கண்ணு விவசாயிகளோட உண்ணாவிரதம் இருக்கக் கேட்டப்ப தனி நீதிபதி அனுமதி கொடுத்தும் அரசு அப்பீல் போய் டிவிஷன் பெஞ்ச்ல நிறுத்திட்டாங்க. சரி, கடற்கரைல யாருக்கும் போராட்டம் இல்லேன்னு ஒரு முடிவு. எனக்கு அது பிடிக்கல, ஆனாலும் எல்லாருக்கும் ஒண்ணுன்றதால தாங்கிக்கிறேன். தாங்க முடியாதது, மத்த இடத்துல ஆளப் பாத்து நேரத்தையும் இடத்தையும் மாத்துறது.

இன்னொரு பயம், கரூர். 2025 செப்டம்பர் 27 வேலுசாமிபுரத்துல விஜய் கட்சிக் கூட்ட நெரிசல்ல 41 பேர் செத்தாங்க, அதுல குழந்தைங்க. எந்த இடம் கேட்டாங்க, எது கொடுத்தாங்க, ஏன் கொடுத்தாங்கன்னு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பேசுனது எல்லாரும் பாத்தது. பாதுகாப்பு விதி கண்டிப்பா வேணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா அதுக்கப்புறம் வந்த விதிமுறை வரைவுல கூட்டத்தோட அளவைப் பொறுத்து லட்சக்கணக்குல டெபாசிட்னு வந்தப்ப, அது பெரிய கூட்டத்தோட நிக்காம கீழ எங்க வரைக்கும் இறங்கும்னுதான் முதல்ல யோசிச்சேன். ஒரு ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் நூறு பேர் கூட்டத்துக்கும் அதையே பேச ஆரம்பிச்சா சங்கங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளதான் கூடணும். பணம் இருக்குறவன் மட்டும் பேசுற ஊரா ஆயிரும்.


நடுநிலை_நாகராஜன்

எல்லாரும் சமம் சமம்னு பேசுறீங்க. அப்ப ஆர்.எஸ்.எஸ். கேட்டாலும் கொடுக்கணுமா? கலவரம் வரும்னு தெரிஞ்சே? எல்லா அமைப்பும் ஒண்ணு இல்ல சார்.


மாட்டுத்தாவணி_வக்கீல்

நாகராஜன் சார், கேட்டது நல்லது, ஏன்னா இதுலதான் நம்ம ஒவ்வொருத்தரும் உண்மையா என்ன நம்புறோம்னு தெரியும். கொடுக்கணும். நான் அவங்க ஆள் கிடையாது, கோர்ட்ல அவங்களுக்கு எதிரா நின்னிருக்கேன். ஆனா கொடுக்கணும்.

நடந்ததைப் பாருங்க. 2022 அக்டோபர் 2-க்கு தமிழ்நாடு முழுக்க ஐம்பது இடத்துல ஊர்வலம் கேட்டாங்க. அரசு சட்டம் ஒழுங்குன்னு மறுத்துச்சு. அதே நாள் விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிக் கட்சிகளும் கேட்ட சமூக நல்லிணக்க மனிதச் சங்கிலிக்கும் அனுமதி இல்லேன்னாங்க, அது அப்புறம் அக்டோபர் 11 நடந்துச்சு. ஆர்.எஸ்.எஸ். கோர்ட்டுக்குப் போச்சு, நவம்பர்ல தனி நீதிபதி சுற்றுச்சுவர் உள்ள மைதானத்துக்குள்ள நடத்திக்கங்கன்னார், 2023 பிப்ரவரி 10 டிவிஷன் பெஞ்ச் அதை மாத்தி ரோட்டுலயே அனுமதிச்சுது, ஏப்ரல் 11 உச்ச நீதிமன்றம் அரசோட அப்பீலைத் தள்ளிருச்சு. ஆறு மாசத்துக்கு மேல, மூணு கட்டம், டெல்லி வரைக்கும் சீனியர் வக்கீல். அவங்களால முடிஞ்சுது. வார்டுக்காரனோட அமைப்பால முடியுமா? ஒருத்தரைப் பிடிக்கலேன்றதுக்காக அதிகாரிகிட்ட மறுக்குற அதிகாரத்தைக் கொடுத்தா அந்த அதிகாரம் கடைசில போய் விழுறது கோர்ட்டுக்குப் போக முடியாதவங்க தலைமேலதான். வெறுப்புப் பேச்சு பேசுனா வழக்குப் போடுங்க, பாதையை மாத்துங்க, நேரம் குறைங்க, வீடியோ எடுங்க, அதுக்கெல்லாம் சட்டம் இருக்கு. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான் நான் கேக்குறது.

கிளைக்_கழகம் தம்பிக்கும் ஒரு வார்த்தை. "எத்தனை பேருக்குக் கொடுக்குறது"ன்னு கேட்டீங்களே, அதுக்கு விடை உங்க கட்சிக்கே நல்லாத் தெரியும், ஒவ்வொரு தேர்தலுக்கும் நீங்களே அதைத்தான் பண்றீங்க. தேர்தல் நடத்தை விதி ஏழாம் பகுதி, ஆளுங்கட்சி பத்தினது. மைதானம் மாதிரி பொது இடங்களையும் ஹெலிபேடையும் ஆளுங்கட்சி தனக்கு மட்டும்னு வச்சுக்கக் கூடாது, என்ன நிபந்தனைல ஆளுங்கட்சி பயன்படுத்துதோ அதே நிபந்தனைல மத்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் கொடுக்கணும். வேட்பாளர்னு இருக்கு பாருங்க, சுயேச்சையும் அதுல வந்துருவார். அரசு விருந்தினர் மாளிகைக்கும் அதே மாதிரி தனியா இருக்கு. அனுமதிக்கு தேர்தல் ஆணையத்தோட சுவிதா போர்ட்டல்ல போடுறோம், முதல்ல வந்த மனுவுக்கு முதல்ல. எந்த மைதானம் யாருக்கு எத்தனை மணிக்குன்னு வரிசை தெரியுது. சட்டசபை, பார்லிமென்ட் தேர்தல் வந்தா ஒரு மாசம் ரெண்டு மாசம் தமிழ்நாடு முழுக்க இது நடக்குது, ஒரு கூடமும் இடிஞ்சு விழல, ஒரு கல்யாணமும் நிக்கல. ரிசல்ட் வந்த மறுநாள் அந்த ரிஜிஸ்டர்ல திரும்பப் பென்சில் வந்துருது. தேர்தல் நேரத்துல ஆணையத்துக்குப் பயந்து பண்றதை மத்த நாள்ல மாமன்றம் தானா ஒரு தீர்மானம் போட்டுப் பண்ணலாம். முதல்ல வந்த மனுவுக்கு முதல்ல, இத்தனை நாளுக்குள்ள எழுத்துல பதில், மறுத்தா காரணம், புக்கிங் பட்டியல் வாசல் போர்டுல. எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். ஒரு கவுன்சிலர் முன்மொழிஞ்சா போதும், அந்த ஒரு கவுன்சிலர் தமிழ்நாட்டுல எந்த மாநகராட்சிலயாவது எழுந்து நிப்பாரான்னு நான் ரொம்ப நாளா பாத்துக்கிட்டு இருக்கேன்.


கிளைக்_கழகம்

சார் தேர்தல் நேரத்துல ஒழுங்கா நடக்குதுன்றதை மறுக்கல. பதிவு பண்ணுன கட்சிக்கு முன்னுரிமைன்னு சொன்னதை விட்டுடுறேன், செல்வி தங்கச்சி கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. முகூர்த்த நாளும் டெபாசிட்டும் மட்டும் தீர்மானத்துல இருக்கணும்னு சொல்றேன். எங்க கட்சிக் கவுன்சிலர்கிட்ட நானே பேசிப் பாக்குறேன், அவர் என்ன சொல்லுவார்னு இப்ப வாக்குக் கொடுக்க முடியாது.


வார்டுக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கல. ஆர்டிஐ இன்னிக்கே எழுதிட்டேன், தீர்மான நகல், ரெண்டு வருஷப் பதிவேடு, ரசீது எண், தள்ளுபடி உத்தரவு, நேர்ல பார்வையிடுறது எல்லாம் போட்டிருக்கேன். கூடத்துக்கான மனுவும் தயார்.

ஒரு சந்தேகம். எங்கள்ல சிலர், மனுல "அரசியல் கூட்டம்"னு போட வேண்டாம், ஒருத்தர் வீட்டு வளைகாப்புன்னு போட்டு வாங்கிரலாம், எல்லாரும் அப்படித்தானே பண்றாங்கன்றாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஆனா கூட்டம் நடக்கணுமே. என்ன பண்ணலாம்? மனு யார் பேர்ல கொடுக்குறது, அமைப்பு பேர்லயா தனி ஆள் பேர்லயா? அமைப்பு இன்னும் பதிவு பண்ணல.


பழைய_ரெவின்யூ

வளைகாப்புன்னு போடாதீங்க. கட்சிக்காரங்க அப்படிப் போட்டா கண்டுக்க மாட்டாங்க. நீங்க போட்டா பாதிக் கூட்டத்துல வாட்ச்மேன் வந்து விளக்கை அணைப்பான், பொய் சொல்லி எடுத்தாங்கன்னு டெபாசிட்டும் போகும், அடுத்த தடவை கேக்குற வாயும் போகும். "குடிநீர், சொத்துவரி குறித்த பொதுமக்கள் அரங்கக் கூட்டம்"னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க. ரெண்டு மாற்றுத் தேதியும் போடுங்க, "அன்னிக்கு வேற புக்கிங் இருக்கு"ன்னு ஒரே வரியில முடிக்க முடியாது. முகூர்த்த நாளைத் தவிர்த்துருங்க.


மாட்டுத்தாவணி_வக்கீல்

அதேதான். அமைப்பு பதிவு இல்லேன்னா தனி ஆள் பேர்ல, அந்த வார்டுல சொத்துவரி கட்டுறவரா இருந்தா நல்லது, "அமைப்பாளர்"னு போட்டு கையெழுத்து, கூட இன்னும் ரெண்டு பேர். கூட்டத்துக்கு ஒரு மாசம் முன்னாடி கொடுங்க. மறுப்பு எழுத்துல வந்தாலும் சரி, பதிலே வரலேன்னாலும் சரி, தேதிக்குப் பத்து நாள் முன்னாடி எனக்குத் தனிச் செய்தி போடுங்க. அந்த நேரத்துக்குள்ள ஆர்டிஐ பதிலும் வந்துருந்தா ரெண்டு கட்சிக்குக் கூடம் கொடுத்த தேதிகளோட ஹைகோர்ட்டுக்கு ரிட் மனு தயார் பண்ணிரலாம். ஃபீஸ் பத்தி யோசிக்காதீங்க. உங்க ஊர் ஸ்டேஷனுக்கும் அன்னிக்கே தகவல் கடிதம் போயிரட்டும், மறந்துராதீங்க.